ஜாக்குக்குச் சந்தனப் பொட்டு

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? பூஜை லீவில் பொரியும் கடலையும் தின்ற வயிறு இப்போது ஒழுங்காக இருக்கிறதா? விட்டு விட்டுப் பெய்கிற இந்த மழையில் பெங்களூரில் இருமல் இல்லாத வீடே இல்லை. உங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லையே? எனக்கு மூட்டுவலி வழக்கம்போல இருக்கிறது. புதிதாகத் தோள்பட்டை வலி ஒன்று துணைக்கு வந்திருக்கிறது. அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் பேச்சு வேறெங்காவது போய்விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் பேசும்போதும் நான் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் ஒரு ஜீப் இருக்கிறது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வகை. என் வீட்டுக்காரர் ஸ்ரீகண்டன் ரிட்டயர் ஆனதும் வாங்கினார். மற்ற வீட்டு ஆண்கள் ரிட்டயர் ஆனால் காசி, ராமேஸ்வரம் என்று போவார்கள். இவர் சேறும் சகதியுமாகத் தேடித் தேடிப் போனார். பெரிய டயர் மாட்டினார், வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தினார், முன்னும் பின்னும் கெட்டியான இரும்பு பம்பர் போட்டார். எல்லாம் போட்டு முடித்த சமயத்தில் கண்ணில் ப்ரஷர் என்று சொல்லி டாக்டர் வண்டி ஓட்டவே கூடாது என்றுவிட்டார். ஜீப் எங்கள் அபார்ட்மெண்டின் பேஸ்மெண்டில் உறை போட்டுக்கொண்டு நின்றது.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில் சில்க் போர்டு சிக்னலில் கிளட்ச் மிதித்து மிதித்தே முழங்கால் தேய்ந்தவள் நான். அதனால் ஜீப்பை நான் எடுத்தேன். கோயிலுக்கு, மார்க்கெட்டுக்கு, கீரை வாங்க. மலை ஏறப் பிறந்த வண்டி, பாவம், கொத்தமல்லிக் கட்டு சுமந்தது.

இவர் சேர்ந்திருந்த ஜீப் கோஷ்டிக்குத் தலைவர் க்ளென். ப்ரேசர் டவுன்காரர், ஆங்கிலோ இந்தியர், ஐம்பதைத் தாண்டியவர். நம்மைவிடச் சரளமாகத் தமிழ் பேசுவார். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரையும் கூட்டிக்கொண்டு காபித் தோட்டம் பக்கம் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கிவிட்டு வருவார். போன வருஷம் நானும் போனேன், லாயிட் என்பவரின் வண்டியில், பின்சீட்டில். லாயிட் க்ளென்னுக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. என் மடியில் புளியோதரைத் தூக்கு, காலடியில் தயிர்சாதம். வண்டி குதிக்கிறபோதெல்லாம் லாயிட் திரும்பிப் பார்த்து, சாப்பாடு பத்திரமா என்று கேட்டார். சாப்பாடு பத்திரம்தான். என் மண்டைதான் கூரையில் இரண்டு இடத்தில் இடித்து வீங்கியது. மற்றவர்கள் வண்டியை மேட்டில் ஏற்றுவதைப் பார்த்தபடி கையில் கரண்டியோடு நின்றபோது முடிவு பண்ணினேன். அடுத்த தடவை எங்கள் ஜீப்பில், நானே ஓட்டிக்கொண்டு வருவது.

இதை மனசோடு வைத்துக்கொண்டிருந்தால் பிரச்சினையே இல்லை. லிஃப்டில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஆரணியில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னேன். இனி ஓட்டாமல் போனால் நான் இந்த ஊரிலேயே நடமாட முடியாது.

அப்போதுதான் க்ளென் கோஷ்டியின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ரூல் போட்டார். போன வருஷம் யாரோ ஒருவரின் ஜாக் மண்ணில் புதைந்துபோய் எல்லாரும் மழையில் நின்றோம், அந்தக் கோபம். இந்த முறை வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அவரவர் ஜாக்கோடு, ஆயுத பூஜை கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை அத்திபெலே தாண்டி ஒரு நிலத்துக்கு வரவேண்டும். பொலபொலவென்ற மண்ணில் வண்டியைத் தூக்கி, ஒரு சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டிக் காட்டவேண்டும். வாயால் யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம், கை வைக்கக் கூடாது. செய்து காட்ட முடியாதவர்கள் பாசஞ்சராக வரலாம்.

பாசஞ்சர் என்று படித்ததுமே எனக்குப் புளியோதரை வாசனை அடித்தது.

உடனே க்ளென்னுக்குப் போன் போட்டு, அறுபத்தாறு வயசுக்காரிக்கு ஏதாவது சலுகை உண்டா என்று கேட்டேன்.

"ஆன்ட்டி, பஞ்சருக்கு உங்க வயசு தெரியாது," என்றார்.

சரி, ஜாக் எங்கே இருக்கிறது என்று ஜீப்பில் தேடினேன். சீட்டுக்கு அடியில் ஒன்று இருந்தது. வண்டியோடு கூடவே வந்தது, திருகினால் உயர்கிற சின்ன ஜாக். முழுக்கத் திருகி முடித்தும் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பவில்லை. இவர்தான் வண்டியை உயர்த்திவிட்டாரே, ஜாக்கை யார் உயர்த்துவது? இத்தனை வருஷம் பஞ்சர் ஆனபோது என்ன பண்ணினீர்கள் என்று இவரைக் கேட்டேன். க்ளென்னைக் கூப்பிடுவேன் என்றார். அதாவது இவருடைய ஜாக்கின் பெயர் க்ளென்.

இப்படித்தான் நான் ஜாக் பார்க்க ஆரம்பித்தேன். பெண் பார்ப்பதுபோலத்தான். என் மருமகள் விஜி ஆன்லைனில் படம் படமாக எடுத்துக் காட்டினாள். கீழே வாங்கினவர்கள் எழுதியதையெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஒருத்தர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, பேக்கிங் பிரமாதம், இன்னும் பிரிக்கவில்லை என்று எழுதியிருந்தார். இன்னொருத்தர் ஒரு நட்சத்திரம் கொடுத்து, மாமனாருக்குப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தார். மாமனாரை எத்தனை டன் வரை தூக்கலாம் என்று போடவில்லை. போனை மூடிவிட்டு, இவரை ஏற்றிக்கொண்டு, வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோடுக்குப் போனேன்.

அங்கே கோவிந்தப்பா என்று ஒருவர் கடை வைத்திருக்கிறார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார், பொறுமைசாலி. பொறுமைசாலி என்று எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், அன்றைக்கு நான் அவரைப் பண்ணிய பாடு. மிக்ஸி வாங்கும்போது எத்தனை வாட்ஸ் என்று கேட்கிற மாதிரி, இருக்கிறதிலேயே அதிக டன் தூக்குகிற ஜாக்கை எடுங்கள் என்றேன். அவர் ஒரு குண்டு ஜாக்கைக் காட்டினார். லாரிக்கு உள்ளது, இருபது டன் தூக்கும். நான் அதையே கட்டச் சொன்னேன்.

"அம்மாவ்ரே, உங்க ஜீப் எஷ்டு வெயிட்டு, ரெண்டு டன் கூட வராது. நீங்க மிச்சம் பதினெட்டு டன்ன என்னா பண்ணுவீங்க?"

பின்னால் உதவும் என்றேன். எதற்கு உதவும் என்று அவர் கேட்கவில்லை. அதுதான் பொறுமை.

எடையைவிட உயரம்தான் முக்கியம் என்று அவர்தான் சொன்னார். வெளியே நோ பார்க்கிங்கில் நின்ற ஜீப்பை டேப் வைத்து அளந்தார். போலீஸ்காரர் விசில் அடிக்க அடிக்க, இவர் அந்தப் பக்கம் போய்ப் போலீஸ்காரரிடம் கண் ப்ரஷர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அளந்து முடித்துக் கோவிந்தப்பா மூன்று ஜாக்கைத் தரையில் வைத்தார்.

முதலாவது பாட்டில் ஜாக். குட்டையாக, ஊறுகாய் ஜாடி மாதிரி இருக்கும், உள்ளே எண்ணெய், குச்சியைப் போட்டு மேலும் கீழும் அடித்தால் தலை கிளம்பும். ரொம்ப நம்பகமானது, லாயிட்டிடம் இருப்பதும் அதுதான். ஆனால் அதை வண்டிக்கு அடியில், ஆக்ஸிலுக்குக் கீழே வைக்கவேண்டும். வைப்பதற்குக் குப்புறப் படுத்துக்கொண்டு உள்ளே போகவேண்டும். கடையிலேயே ஒரு தடவை படுத்துப் பார்த்தேன். படுத்துவிட்டேன். எழுந்திருப்பதற்கு இவரும் கோவிந்தப்பாவும் ஆளுக்கொரு கை பிடித்தார்கள். ஜீப்பைத் தூக்க ஒன்று, என்னைத் தூக்க ஒன்று என்று இரண்டு ஜாக் வாங்கவேண்டி வரும் என்று அதை விட்டுவிட்டேன்.

இரண்டாவது, மெக்கானிக் ஷெட்டில் பார்த்திருப்பீர்கள், சின்னச் சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற ட்ராலி ஜாக். சிமெண்டுத் தரையில் ராஜா. மண்ணில் அந்தச் சக்கரம் புதைந்து அங்கேயே உட்கார்ந்துவிடும். கனமோ எங்கள் பழைய கிரைண்டர் கனம்.

மூன்றாவதுதான் நெட்டை ஜாக். என் தோள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பட்டை, அதில் மேலிருந்து கீழ்வரை வரிசையாக ஓட்டைகள். பட்டையைக் கவ்விக்கொண்டு ஒரு இரும்புக் கட்டி, அதற்கு மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு ஒரு தாங்கி, பக்கத்தில் நீளமான கைப்பிடி. தாங்கியைப் பம்பருக்கு அடியில் கொடுத்துக் கைப்பிடியை அடித்தால், கட்டிக்குள் இருக்கிற இரண்டு முள் மாற்றி மாற்றி ஓட்டையில் விழும். டக் டக்கென்று ஒவ்வொரு ஓட்டையாக ஏறும். படுக்க வேண்டாம், நின்றபடியே தூக்கலாம். இரும்பு பம்பர் இல்லாத வண்டிக்கு இது ஆகாது, எங்களுக்குத்தான் இருக்கிறதே. மண்ணில் அடியில் ஒரு பலகை போட்டால் புதையாது.

"ஒண்ணே ஒண்ணும்மா," என்றார் கோவிந்தப்பா. "வண்டி மேல இருக்கறப்ப ஹேண்டில பாதில மட்டும் விட்றாதீங்க. அது சும்மா இருக்காது, தாடைய எடுத்துரும். ஓட்டைல மண்ணு அடைக்காம பாத்துக்கோங்க. அஷ்டே, அவ்ளோதான்."

மண்ணு அடைக்கக் கூடாது. அதைத்தான் சொன்னார். வேறு எதுவும் அடைக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வாங்கி வந்து பேஸ்மெண்டில் பழகினேன். முதல் நாள் புதிதாக வந்திருந்த வாட்ச்மேன் பச்சைமுத்து பார்த்துவிட்டு, யாரோ ஒரு அம்மா ஜீப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறார் என்று இண்டர்காமில் விஜிக்குச் சொல்லிவிட்டார். அவள் லிஃப்டில் ஓடிவந்தால், அந்த அம்மா அவள் மாமியார். இரண்டாவது நாள் சக்கரம் காற்றில் சுற்றியது. அப்புறம் தினமும் ஏற்றி இறக்கினேன். டக் டக் என்ற அந்தச் சத்தம் கேட்டால் எனக்குச் சுப்ரபாதம் கேட்ட மாதிரி இருந்தது. அந்த அளவுக்கு அந்த ஜாக்கின் மேல் பிரியம் வந்துவிட்டது. எல்லாக் கெடுதலும் பிரியத்தில்தான் ஆரம்பித்தது.

ஆயுத பூஜை வந்தது. இந்த ஊரில் ஆயுத பூஜை எப்படி என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நீலசந்திராவில் ஆட்டோவுக்கெல்லாம் வாழைக்கன்று, ஐடி ஆபீஸில் லேப்டாப்புக்கெல்லாம் குங்குமம். எங்கள் வீட்டில் இத்தனை வருஷமும் அரிவாள்மணை, இவருடைய ஸ்பேனர், விஜியின் தையல் மெஷின், அவ்வளவுதான். இந்த வருஷம் எனக்கென்று ஒரு ஆயுதம் இருந்தது. ஆயுள் முழுக்கப் பிறத்தியாருடைய ஆயுதத்துக்கே பொட்டு வைத்தவளுக்கு ஆசை இருக்காதா?

முதலில் நல்லெண்ணெய் போட்டு ஜாக் முழுக்கத் தேய்த்தேன், பளபளப்புக்கு. சுவரில் சாய்த்து நிறுத்தினேன். பட்டையைப் பார்த்தேன். ஒரே ஒரு பொட்டு வைத்தால் அந்த நீளத்துக்கு வெறிச்சென்று இருந்தது. ஓட்டைகளோ வரிசையாக, பொட்டு வைப்பதற்கென்றே போட்ட மாதிரி அளவாக இருந்தன. ஒவ்வொரு ஓட்டைக்கும் சந்தனம் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். மூக்கு வைத்த அந்தக் கட்டி முகம் மாதிரியே இருந்ததால் அதற்குத் தனியாக ஒரு கைப்பிடிச் சந்தனம். கழுத்தில் சாமந்திச் சரம், அவிழாமல் இருக்க நாலு சுற்று. இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஓட்டைக்குள்ள எல்லாம் எதுக்கு சரசு?"

சாமி விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள் என்றேன். விஜி போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டாள். க்ளென் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை என்பது எனக்கு இப்போது ஒரு ஆறுதல்.

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி, புனர்பூஜை முடித்து எடுத்து வைத்தேன். பூ வாடியிருந்தது, சரத்தைப் பிய்த்து எடுத்தேன். பொட்டை மட்டும் துடைக்க மனசு வரவில்லை. பூஜையில் வைத்த பொட்டை நாமாகத் துடைப்பதில்லையே, தானாக உதிரட்டும் என்று விடுவதுதானே வழக்கம். பழகினால் பொட்டு அழிந்துவிடும் என்று பழகவும் இல்லை. அதுதான் நன்றாக வருகிறதே, மேற்கொண்டு எதற்கு என்று ஒரு திமிரும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்திபெலே தாண்டி அந்த நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மழையில் ஊறிய செம்மண். எங்களுக்கு முன்னாலேயே எல்லாரும் வந்திருந்தார்கள். லாயிட் முதலில் செய்தார். பாட்டில் ஜாக்கோடு வண்டிக்கு அடியில் நுழைந்து, மார்பெல்லாம் செம்மண்ணோடு வெளியே வந்து, சீக்கிரமே முடித்துவிட்டார். வெளியே வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். போன வருஷப் புளியோதரை மாதிரி அவர் சாப்பிட்டதே இல்லையாம். இதை ஏன் இப்போது சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

என் முறை. எல்லாம் முறைப்படி செய்தேன். ஹேண்ட் பிரேக், கியர், முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டையெல்லாம் இளக்கினேன். ஸ்பேனர் மேல் ஏறி நின்று இளக்கியபோது கைகூடத் தட்டினார்கள். பலகை போட்டேன், அதன்மேல் ஜாக்கை நிறுத்தினேன். வெயிலில் ஜாக் பொட்டும் சந்தனமுமாக மாரியம்மன் மாதிரி நின்றது. கட்டியைப் பம்பர் வரைக்கும் தூக்கிக் கொடுத்து, கைப்பிடியை அடித்தேன்.

டக் சத்தம் வரவில்லை.

மறுபடி அடித்தேன். கட்டி ஏறியது, அதே வேகத்தில் இறங்கியது. இன்னும் பலமாக அடித்தேன். வழுக்குமரத்தில் ஏறுகிறவன் மாதிரி ஏறி ஏறி வழுக்கியது. வண்டி ஒரு நூல் கூட அசையவில்லை. முள் எதுவும் ஓட்டையில் விழவே இல்லை.

யோசனை மட்டும் தாராளமாக விழுந்தது. சாய்த்துப் பிடிக்கச் சொன்னார் ஒருவர், சுத்தியால் தட்டச் சொன்னார் இன்னொருவர். சுத்தி வேண்டாம் என்று க்ளென் தடுத்தார். கடைக்காரன் டூப்ளிகேட் கொடுத்துவிட்டான் என்றார் லாயிட். பாவம் கோவிந்தப்பா. க்ளென் கிட்டே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார். விரலால் சுட்டினார், தொடவில்லை.

"ஆன்ட்டி, இன்னா இது ஓட்டைல மஞ்ச மஞ்சளா?"

"சந்தனம்."

"எல்லா ஓட்டைலயுமா?"

"ஒண்ண விட்டு ஒண்ணு வெச்சா நல்லாருக்காதுப்பா."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. மற்றவர்கள் அந்தப் பாடு படவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு, நான் அப்பவே கேட்டேன் என்று வானத்திடம் சொன்னார்.

நல்லெண்ணெயில் குழைந்த சந்தனம் காய்ந்து ஒவ்வொரு ஓட்டையிலும் சிமெண்ட் பூசிய மாதிரி இருந்தது. கட்டிக்குள் எட்டிப் பார்த்தால் அங்கே இன்னும் அழகு. முள்ளைத் தள்ளுகிற ஸ்பிரிங்கில் சாமந்திச் சரத்தின் நூல் சுற்றிக்கொண்டிருந்தது. எது நம்பகமானது, எது கடைசிவரை கை கொடுக்கும் என்று ஊரெல்லாம் விசாரித்து ஒரு ஜாக் வாங்கினேன். அதற்கும் யாராவது என்னைப் பற்றி விசாரித்துச் சொல்லியிருக்கலாம்.

லாயிட் ஆதரவாகத்தான் பேசினார். "விடுங்க ஆன்ட்டி. எங்க வண்டில பின்சீட்டு காலியாத்தான் இருக்கு. இந்த வாட்டி குஷன் கூட போட்டுத் தர்றேன்."

குஷன் என்றதும் எனக்கு உச்சந்தலையில் போன வருஷத்து இடி வலித்தது.

"நான் இன்னும் முடிக்கலப்பா," என்றேன். "க்ளென், இத்தனை நிமிஷத்துல முடிக்கணும்னு ரூல் ஏதாவது இருக்கா?"

க்ளென் யோசித்தார். "போடலியே ஆன்ட்டி."

அப்படியென்றால் சரி என்று ஜாக்கைப் படுக்கப்போட்டு, பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். என் வளையலில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும். நம் பெண்களுக்கு அது இல்லாமல் வெளியே போகவே கால் வராது. ஒன்றை நிமிர்த்தி, கீழ் ஓட்டையிலிருந்து ஆரம்பித்தேன். இடியாப்பக் குழலின் அடித்தட்டை ஊசி வைத்துக் குத்திச் சுத்தம் பண்ணியிருக்கிறீர்களா? அதே வேலைதான், சைஸ் மட்டும் பெரிசு. தொண்டைக்காக ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோயிருந்தேன். அதை ஊற்ற ஊற்றச் சந்தனம் இளகியது. ஒரு ஊக்கு உடைந்தது, அடுத்ததை எடுத்தேன். ஸ்பிரிங்கில் சுற்றிய நூலை ஊக்கு முனையால் நெம்பி நெம்பி, முழம் முழமாக வெளியே இழுத்தேன். எல்லாரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய் மற்றவர்கள் அவரவர் சோதனையை முடிக்கப் போனார்கள். பக்கத்தில் நாலு வண்டி ஏறி இறங்கியது. நான் குத்திக்கொண்டே இருந்தேன். சந்தன வாசனை மட்டும் பிரமாதமாக இருந்தது, அதையும் சொல்லவேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு நிலைகொள்ளவில்லை. கை வைக்கக் கூடாது என்பதால் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் குனிந்து காதோரம் சொன்னார். "எண்ணெய் வேணும் சரசு, வெறும் இரும்பு சறுக்காது. பானெட்டைத் தெற."

பானெட்டைத் திறந்தேன். என்ஜின் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற கம்பியை உருவி, அதிலிருந்து சொட்டிய ஆயிலை இரண்டு முள்ளிலும் விட்டேன். திரும்பவும் போட்டு, திரும்பவும் உருவி, இன்னும் கொஞ்சம். நல்லெண்ணெய் சாமிக்கு, இந்த எண்ணெய் ஜாக்குக்கு என்று அன்றைக்குத்தான் படித்தேன். விரலால் முள்ளை அமுக்கினேன். உள்ளே போய், தானாக வெளியே வந்தது.

மறுபடி பலகை, மறுபடி ஜாக், மறுபடி பம்பர். எழுந்திருக்க மட்டும் ஜீப்பைப் பிடித்துக்கொண்டேன். ஜீப்பைப் பிடிக்கக் கூடாது என்று ரூல் இல்லை. கைப்பிடியை அடித்தேன்.

டக்.

அதற்கப்புறம் நான் யாரையும் பார்க்கவில்லை. டக் டக்கென்று ஓட்டை ஓட்டையாக ஏறியது. ஜீப் பின்பக்கத்தைத் தூக்கியது, சக்கரம் மண்ணை விட்டுக் கிளம்பியது. சக்கரத்தைக் கழற்றி உருட்டினேன், ஸ்டெப்னியை உருட்டி வந்தேன். அதைத் தூக்கி மாட்டுவதுதான் கஷ்டம், என் எடையில் பாதி இருக்கும். காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தால் கீழேயிருந்து உந்தி உந்தி மேலே ஏற்றினேன். பார்க்க நன்றாக இருந்திருக்காது. சுடிதார் போட்டுக்கொண்டு போனது நல்லதாகப் போயிற்று.

இறக்கும்போதுதான் பயம். கோவிந்தப்பா சொன்ன தாடை ஞாபகத்துக்கு வந்தது. சின்ன விசையைக் கீழே தட்டிவிட்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, உடம்பைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டையாக இறக்கினேன். பாதியில் தோள்பட்டையில் சுளீரென்று ஒரு இழுப்பு. விட்டுவிடலாமா என்று கை கேட்டது. விடவில்லை. தாடை மேல் ஆசை. சக்கரம் மண்ணைத் தொட்டதும் நட்டுகளை முறுக்கி முடித்து நிமிர்ந்தபோது மற்றவர்கள் எல்லாரும் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். யாரோ ஓட்டலிலிருந்து வாங்கி வந்த பிரியாணி.

க்ளென் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு நட்டாகத் தட்டிப் பார்த்தார். சக்கரத்தை உதைத்தார். நான் கையில் இருந்த ஆயிலையும் சந்தனத்தையும் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு நின்றேன். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்டுக்குக்கூட நான் அப்படி நின்றதில்லை.

"பாஸ் ஆன்ட்டி," என்றார். "ஒரே ஒரு கண்டிஷன். அடுத்த வருஷம் பூஜைக்கு இதுக்கு ஒரே ஒரு பொட்டு. அதுவும் ஹேண்டில்ல."

வண்டிக்குப் போய் ஒரு வாக்கிடாக்கியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். மலையில் போனில் சிக்னல் இருக்காது என்பதால் ஓட்டுகிறவர்கள் இதில்தான் பேசிக்கொள்வார்களாம். பின்சீட்டுக்காரர்களுக்கு இது கிடையாது. இதில் கூப்பிட ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வேண்டும், லாயிட்டுக்கு டைகர், இன்னொருவருக்கு காட்டெருமை. என்ன பெயர் வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். நான் சிறுத்தை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தட்டும் கையுமாக நின்ற லாயிட் முந்திக்கொண்டு, சந்தனம் என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள். என் வீட்டுக்காரர்தான் முதலில் தூக்கினார்.

ஆக, டைகர், காட்டெருமை, சந்தனம். வருகிற சனிக்கிழமை காலையில் சகலேஷ்புரம் கிளம்புகிறோம். நான் கடைசிக்கு முந்தின வண்டி. ஸ்டீயரிங்கில் நான், பக்கத்தில் வழி சொல்லிக்கொண்டு இவர். தோள்பட்டைக்கு விஜி தினமும் தைலம் தேய்க்கிறாள். தேய்க்கும்போதெல்லாம் ஜாக்குக்கும் கொஞ்சம் தேய்க்கட்டுமா அத்தை என்று கேட்கிறாள். மருமகள் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் வண்டியில் எந்த ஜாக் வைத்திருக்கிறீர்கள்? எப்போதாவது நடு ரோட்டில் காலை வாரியிருக்கிறதா? வாரினால் அது ஜாக்கின் தப்பா, உங்கள் தப்பா? பூஜைக்கு வைத்த எதுவாவது, மிக்ஸியோ கம்ப்யூட்டரோ தையல் மெஷினோ, மறுநாள் முரண்டு பிடித்த கதை இருந்தால் அதையும் விவரமாக எழுதுங்கள், வெட்கப்படாதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் எழுதினால் நல்லது. இந்த மாதிரி பண்ணினது ஊரில் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று அந்த லாயிட்டிடம் படித்துக் காட்டவேண்டும்.